முடி நோட்டு

காலை ஏழு நாற்பதுக்கு ரோலரும் கையுமாகக் கனகவல்லி உள்வாசலில் நின்றுவிட்டால், சப்பாத்தி கம்பெனிக்குள் ஈ எறும்பு நுழையாது. மனுஷி நுழையலாம், ஆனால் முதுகைத் திருப்பிக் காட்ட வேண்டும். ரோலர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெயிண்ட் அடிக்கிற உருளை மாதிரி ஒரு பிடி, அதில் சுற்றிய பசைத்தாள். கோட்டின் தோளிலும் முதுகிலும் ஒரு தடவை உருட்டினால் முடி, நூல், பஞ்சு எல்லாம் தாளோடு வந்துவிடும். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆள். முப்பத்திரண்டு பெண்களுக்கும் உருட்டி முடிக்க அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் அந்தக் கம்பெனி. பாதி வெந்த சப்பாத்தியைப் பத்துப் பத்தாக அடுக்கி, பாக்கெட் போட்டு, ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். மாவு பிசைகிற இடத்தில் ஏசிக் குளிர், சுடுகிற இடத்தில் அனல், அடுக்குகிற இடத்தில் இரண்டும் கலந்த ஒரு புழுக்கம். உள்ளே போகிறவள் பூ வைக்கக் கூடாது, ஸ்டிக்கர் பொட்டு கூடாது, வளையல், ஹேர்பின், நகப்பூச்சு எதுவும் கூடாது. தாலியைக் கோட்டுக்குள் போட்டு மேல் பட்டனைப் பூட்டிவிட வேண்டும். தலைக்கு முதலில் வலைத்தொப்பி, அதன் மேல் காது மறைகிற துணித்தொப்பி. இரண்டாம் லைனுக்குக் கனகவல்லிதான் சூப்பர்வைசர். ஒன்பது வருஷமாகத் தன் கண்ணுக்குத் தப்பி ஒரு குண்டூசி உள்ளே போனதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பொய்யும் கிடையாது.

ஒரே ஒரு விஷயம். எல்லாருக்கும் ரோலர் போடுகிறவளுக்கு ரோலர் போட ஆள் கிடையாது. அவள்தான் முதலில் வருவாள். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்த்துத் தானே தொப்பி மாட்டி, தானே கோட்டுப் போட்டு, ரோலரைக் கையில் எடுத்துவிடுவாள். தன் முதுகைத் தானே உருட்டிக்கொள்ள யாருக்குக் கை எட்டும்? ஒன்பது வருஷத்தில் இதை அவளும் யோசிக்கவில்லை, கம்பெனியும் யோசிக்கவில்லை.

அவள் வீடு வரதராஜபுரத்தில், அடையாற்றுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். டிசம்பர் புயலில் அங்கே மார்பளவு தண்ணீர் நின்றது. சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. புருஷன் பக்தவச்சலம் ஓர் ஆபீஸுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். முடிச்சூர் ரோட்டில் நிறுத்தியிருந்த வேனை மேட்டில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று விடிகாலையில் தண்ணீரில் இறங்கியவன் மறுநாள் மத்தியானம் வரை வரவில்லை. போன் இல்லை, கரண்ட் இல்லை. கனகவல்லி எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து, தெருவில் மிதந்து வருகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் வந்தது. யார் வீட்டு நாற்காலியோ வந்தது. ஒரு நாய் வந்தது. அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த முப்பது மணி நேரத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அவன் வந்துவிட்டான். ஆனால் இடது காலைத் தகரம் கிழித்திருந்தது. சர்க்கரை உடம்பு. ஆற வேண்டிய காயம் அழுகி, ஜனவரிக்குள் பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்குமாக அலைந்த நாட்களில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கல்லு மாதிரி நிற்கிறாளே என்று மெச்சினார்கள். பிப்ரவரியில் அவன் வாக்கர் பிடித்து நடந்தான், சமையல்கட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டான், அவள் வேலையில் வீடு ஓடியது. எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று அவள் மூச்சு விட்ட மார்ச் மாதத்தில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதல் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தபோது கையோடு ஒரு கொத்து வந்தது. போர் தண்ணீர் உப்பு என்று நினைத்தாள். சீயக்காய் மாற்றினாள். பக்தவச்சலம் கறிவேப்பிலையையும் சின்ன வெங்காயத்தையும் அரைத்து எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தான். வீடு முழுக்கத் தாளிப்பு வாசனை வந்ததே தவிர முடி நிற்கவில்லை. தலையணையில், சீப்பில், சாம்பார்க் கரண்டியில், எங்கே பார்த்தாலும் அவள் முடி. தீபாவளிக்கு முன்னால் போட்ட மருதாணி முழுநீளத்துக்கும் செம்பட்டையாக இருக்கும், வேரில் மட்டும் நகத்தளவுக்கு வெள்ளை. நாற்பத்தாறு வயது, பாதிக்கு மேல் நரை. அதன் பிறகு மருதாணி போட அவளுக்கு ஏது நேரம்.

பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அவளுக்கு வழக்கமான ஓர் இடம் உண்டு. கூட வேலை செய்யும் ஜெயசீலி அதைப் பிடித்து வைத்திருப்பாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் அங்கே உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டாள். காற்று வேண்டும் என்று சொன்னாள். கொட்டுகிற முடி யார் சேலையிலும் விழாமல் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் வெளியே பறந்துபோகட்டும் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு மண்டை தெரிந்தது. அது பெரிதாகிவிட்டதா என்று பார்க்க, அவள் விரல் அடிக்கடி தொப்பிக்குள் போனது. ஆடுகிற பல்லைத் தேடி நாக்குப் போவது மாதிரி அது தானாகப் போனது. லைனில் நடந்துகொண்டே, அடுக்கைச் சரிபார்த்துக்கொண்டே, போனது. அப்படிப் போய் வருவதும், வரும்போது இரண்டொரு முடியை வெளியே இழுத்து வருவதும் அவளுக்கே தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் தோல் டாக்டர் ஒருவர் இருந்தார், ஹெப்சி என்று பெயர். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கனகவல்லி அங்கே போனாள். டாக்டர் நாலு முடியைச் சேர்த்து இழுத்துப் பார்த்தார். நாலும் வந்தன.

"மூணு மாசம் முன்னாடி பெரிசா ஏதாவது நடந்துச்சா? காய்ச்சல், ஆபரேஷன், வீட்ல ஏதாவது அதிர்ச்சி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுக்காரருக்குத்தான் கால்ல ஆபரேஷன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்த அதிர்ச்சியில் ஏகப்பட்ட முடி ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிட்டது, நிறுத்தியது இப்போதுதான் விழுகிறது, பெரும்பாலும் தானாகத் திரும்ப வளரும் என்று பொறுமையாக விளக்கினார். இரும்புச் சத்துக்கு மாத்திரை எழுதினார். எழுதிவிட்டுச் சொன்னார்.

"ஆனா முடி கொட்டுதே, கொட்டுதேன்னு பயந்துக்கிட்டே இருந்தா அது நிக்க லேட்டாகும். அதுதான் இதுல கஷ்டம். எங்க வேலை பாக்குறீங்க?"

"சும்மா ஒரு கம்பெனில," என்றாள் கனகவல்லி. ஒரு முடி விழுந்தால் சீட்டுக் கிழிகிற இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் டாக்டர் சிரித்திருப்பாரோ, அழுதிருப்பாரோ தெரியாது. பயப்படக் கூடாது என்ற பயமும் சேர்ந்து அன்று முதல் அவளுக்குப் பயம் இரண்டானது.

அந்த வாரமே முதல் புகார் வந்தது. யாரோ ஒரு வீட்டம்மா பாக்கெட்டைப் பிரித்து, சப்பாத்தியில் ஒட்டியிருந்த முடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஏப்ரலில் இரண்டு வந்தன. மூன்றாவது வந்த அன்று தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் தோத்தாத்ரி அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். குரல் உயர்த்தாத மனிதர். வேலைக்காரப் பெண்கள் எல்லாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர் மெதுவாகப் பேசினால்தான் எல்லாரும் பயப்படுவார்கள்.

"கனகவல்லியம்மா, ஹோட்டல்காரங்க மெயில் போட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு வந்தா ஆர்டரை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா மேல இருக்கறவங்க செகண்ட் லைனையே மூடிடுவாங்க. முப்பத்திரண்டு பேரும் வீட்டுக்குத்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் தலையாட்டினாள். ஆட்டும்போதே, அதிகம் ஆட்டக் கூடாது என்று நிறுத்திக்கொண்டாள்.

முடி நோட்டு என்பது தோத்தாத்ரியின் யோசனை. நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒவ்வொருத்தியும் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். அதைப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, பெயர் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த புகாரில் முடி கைக்கு வந்தால் நோட்டோடு ஒப்பிட்டு ஆளைப் பிடித்துவிடலாம். ஒட்டுகிற வேலை கனகவல்லிக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை டீ வேளையில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பாதி சிரிப்பு, பாதி பயம். ஜெயசீலி முடியை நீட்டிக்கொண்டே, "இன்னாக்கா இது, போலீஸ் ஸ்டேஷன்ல கைரேகை எடுக்கற மாதிரி கீது," என்றாள். சினேகாவின் முறை வந்தபோது முடி பக்கத்துக்குள் அடங்கவில்லை. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்குகிற முடி. இரண்டு வலைத்தொப்பி போட்டு, அதைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே தள்ளி, மேலே தொப்பி மாட்டினால் ஒரு பலாக்காயைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆப்பூர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. லைனில் அவள் கை வேகத்துக்கு ஈடு கிடையாது. கனகவல்லி அவள் முடியை வளையம் வளையமாகச் சுற்றி ஒட்டினாள். கன்னங்கரேல் என்று இருந்தது.

முப்பத்திரண்டு பக்கம் முடிந்தது. தோத்தாத்ரி புரட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

அவர் வேலைக்காரர்களை எண்ணினார். எண்ணிக் கொடுத்தவளை எண்ணவில்லை. அவளும் முப்பத்து மூன்றாவது பக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசருக்கு எதற்குப் பக்கம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாலாவது புகார் மே மாதம் பாதியில் வந்தது. இந்தத் தடவை ஹோட்டல்காரர்கள் முடியையே ஒரு கவரில் போட்டு அனுப்பிவிட்டார்கள். தோத்தாத்ரி கவரையும் நோட்டையும் அவளிடம் கொடுத்து, ஒப்பிட்டு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். அவள் ஸ்டோர் அறையில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து கவரைப் பிரித்தாள். நீள முடி. செம்பட்டை. வேரில் நகத்தளவு வெள்ளை.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குச் சொல்லிப் பார்த்தாள், ஆனால் தெரிந்துவிட்டது. வீட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குழம்பு தாளிக்கிறவன் கண் முன்னால் வந்தான். அவள் கட்டைவிரல் நகமும் சுட்டுவிரல் நகமும் சேர்ந்தன. வெள்ளை வேர் கிள்ளுப்பட்டுத் தரையில் எங்கேயோ விழுந்தது. மிச்சத்தை எடுத்து, நோட்டில் நீள முடி என்றதும் எல்லாரும் நினைக்கிற பெயரின் பக்கத்தைத் திருப்பி, அங்கே டேப் போட்டு ஒட்டினாள். கீழே எழுதினாள்: பொருந்துகிறது. கையெழுத்துப் போட்டாள்.

சினேகாவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் நோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னுது இல்ல சார். என் முடி இப்புடிச் செவப்பா இருக்காது. அக்காவக் கேளுங்க, அக்காவுக்குத் தெரியும்."

கனகவல்லி சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறைப் படத்தைப் பார்த்தாள். அனலில் முடி நிறம் மாறும் என்று அவள் வாய் சொன்னது. தோத்தாத்ரி அதை யோசித்துப் பார்த்து, இருக்கலாம் என்றார். மேலே பேசி முடிவு தெரியும்வரை சினேகா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வாசலில் நின்று அக்காவை ஒரு தடவை பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று நின்ற மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வரதராஜபுரத்தில் தார் உருகியது. பக்தவச்சலம் வாசலில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். தலைமுடி வாங்குகிற ஆள் சைக்கிளில் கூவிக்கொண்டு வந்தான். கொட்டின முடியைக் கொடுத்தால் பிளாஸ்டிக் டப்பாவோ கிண்ணமோ தருகிறவன். பக்தவச்சலம் அவனை நிறுத்தினான். வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு துணிக்கடைக் கவரை எடுத்து வந்தான். கவர் உப்பியிருந்தது. கனகவல்லி துணி துவைத்த கையோடு வாசலுக்கு வந்தாள்.

வியாபாரி கையை விட்டு ஒரு பந்து முடியை எடுத்தான். இன்னொரு பந்து. அதற்குக் கீழே இன்னும் இருந்தது.

"எத்தினி வருசமா சேத்து வெச்சதுண்ணா?"

"மார்ச்சுலேர்ந்து."

"வூட்ல எத்தினி பொம்பளைங்க?"

"ஒருத்திதான்."

வியாபாரி நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் ஒரு பெரிய பேசினை எடுத்து வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் கொடுத்தது வழக்கத்துக்கு மேல்.

"நீ சுருட்டி ஜன்னல் சந்துல சொருவிட்டுப் போனா எனக்குத் தெரியாதுன்னு நென்ச்சுகினியா?" என்றான் பக்தவச்சலம். "நான்தான் தெனம் எட்த்து வெச்சுகினு கீறேன். கேட்டா நீ இன்னும் பேஜாராவேன்னுதான் கேக்கல."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கவரில் வந்த முடி, வேர், நகம், சினேகா. சொல்லும்போது கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். அவன் வெட்டுப்பட்ட பாதத்தைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். போய் உண்மையைச் சொல் என்பான் என்றும் எதிர்பார்த்தாள்.

"வாயத் தொறக்காத," என்றான். "எனக்குக் கால் நல்லாகி நான் கிளட்ச் மிதிக்கற வரிக்கும் நீ வாயத் தொறக்காத."

அந்தக் கால் இனிமேல் கிளட்ச் மிதிக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று மத்தியானம் சாதத்தில் ஒரு முடி வந்தது. அவன் அதை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டான். அவளுக்கு அதற்கு மேல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேற்கே வானம் கறுத்திருந்தது. கோடை மழைக்கு ஊரே ஏங்கிக்கொண்டிருந்தது, ரயிலில் ஆளுக்கு ஆள் மேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கனகவல்லி இப்போதெல்லாம் மேகம் கூடினாலே மேலே பார்க்க மாட்டாள். மறைமலைநகர் வரும்போது முதல் இடி இடித்தது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் கூட்டமாக இருந்தது. நடுவில் சினேகா நின்றாள். மொட்டைத் தலை. சந்தனம் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. காதுகள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, கண்ணும் பெரிதாகத் தெரிந்தது, அந்த முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அவள் அம்மா பக்கத்தில் நின்று எல்லாரிடமும், திருப்போரூர் முருகனுக்கு ரொம்ப நாள் வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெயசீலி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று கனகவல்லி கேட்டாள். கேட்க அவளுக்கு என்ன யோக்கியதை என்று அவளுக்கே தோன்றியது.

"முடி வளந்துரும்கா. போன வேல வருமா? இனிமே முடி வந்தா என்னுதுன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் கனகவல்லி தாங்கியிருப்பாள். இல்லை.

தோத்தாத்ரி வெளியே வந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேனேஜர் புத்தி வேலை செய்தது. எல்லாரையும் உள்வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"இன்னையிலேர்ந்து ரோலர் சினேகா கையில. முடியே இல்லாத ஆள் ஒருத்தி அங்க இருக்கட்டும். நான், எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர், யார் உள்ள போனாலும் ரோலர். அஞ்சு முடிக்கு மேல ஒட்டினா அந்தத் தாளை நோட்டுல அவங்கவங்க பக்கத்துல ஒட்டணும். இன்னும் ஒரு முடி போச்சுன்னா ஹோட்டல்காரங்க ஆர்டரை நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் லைன் இல்ல."

முதலில் அவரே முதுகைத் திருப்பினார். அவர் தலையிலும் முன்பாதி வழுக்கைதான், அதற்காக இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கண்ணாடி அறைக்குள் போனார். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். சினேகா மெதுவாக, ஒழுங்காக உருட்டினாள். ஒரு முடி, மூன்று முடி, ஒன்றுமில்லை. முப்பத்தோராவது ஆளாக ஜெயசீலி போனாள். உள்ளே பெல்ட் ஓட ஆரம்பித்தது.

"அக்கா, திரும்புங்க."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கனகவல்லி முதுகைத் திருப்பினாள். ரோலர் தோளில் ஏறியது, நடுமுதுகில் இறங்கியது, மறுபடியும் ஏறியது. நின்றது. தாள் கிழிகிற சத்தம் கேட்டது. கனகவல்லி திரும்பினாள்.

சினேகா தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். வெள்ளைத் தாள் தெரியாத அளவுக்கு முடி. நீளநீளமாக, செம்பட்டையாக. பலவற்றின் முனையில் நகத்தளவு வெள்ளை. அந்தப் பெண்ணின் இன்னொரு கை மெல்ல மேலே போய்த் தன் மொட்டைத் தலையின் மேல் நின்றது. அவள் கண் தாளிலிருந்து கனகவல்லியின் தொப்பிக்குப் போனது, தொப்பியிலிருந்து முகத்துக்கு வந்தது. கனகவல்லி எதை வேண்டுமானாலும் பார்க்கத் தயாராக இருந்தாள், அந்த முகத்தைத் தவிர.

"அக்கா," என்றாள் சினேகா. "இத எங்க ஒட்டட்டும்?"

உங்களுக்குப் பக்கம் இல்லையே என்று அவள் சொல்லவில்லை. குப்பைக்கூடை காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போட்டுவிடுவாள், யாரிடமும் சொல்லவும் மாட்டாள். கனகவல்லிக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. அவள் விரல் வழக்கம்போலத் தொப்பிக்குள் போகக் கிளம்பி, பாதி வழியில் நின்றது. விரல் அங்கே போவதை இன்றைக்குத்தான் அவளே பார்த்தாள். உள்ளே பெல்ட்டில் சப்பாத்தி வந்துகொண்டிருந்தது, முப்பத்தொரு பேர் தலை குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாயைத் திறக்காதே என்று அவன் சொல்லியிருந்தான். அவள் திறக்கவில்லை. மேசையிலிருந்து நோட்டை எடுத்தாள். சினேகாவின் பக்கத்தைத் திருப்பினாள். கருப்பு வளையமாகச் சுற்றிய அந்த ஒரு முடிதான் இப்போது அந்தப் பெண்ணின் முடியில் மிச்சம். அதற்குக் கீழே தான் ஒட்டிய செம்பட்டை முடியை டேப்போடு உரித்தாள். காகிதம் கொஞ்சம் கிழிந்தது, பொருந்துகிறது என்று எழுதியதில் பாதி அதோடு வந்துவிட்டது. கடைசியாக ஒட்டிய பக்கம் தாண்டி, எழுதாத முப்பத்து மூன்றாவது பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். அந்த முடியை ஒட்டினாள். சினேகாவின் கையிலிருந்த தாளை வாங்கி அதற்குக் கீழே ஒட்டி அழுத்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா, வேணாம்கா," என்றாள் சினேகா. இப்போதுதான் அவள் அழுதாள்.

கண்ணாடி அறையின் கதவைத் தட்டிவிட்டுக் கனகவல்லி உள்ளே போனாள். தோத்தாத்ரி ஹோட்டல்காரர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார், என்னம்மா என்று நிமிர்ந்தார். அவள் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். துணித்தொப்பியைக் கழற்றினாள். பிறகு வலைத்தொப்பியையும் கழற்றினாள். மூன்று மாதமாகக் கம்பெனியில் யாருக்கும் காட்டாத தலையைக் குனிந்து, டியூப்லைட் நேராக விழும்படி அவருக்குக் காட்டினாள்.

வெளியே மழை தகரக் கூரையில் இறங்கியது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு வீட்டுச் சுவரின் கோடு ஞாபகம் வந்தது, வாசலில் வாக்கரோடு நின்று வானத்தைப் பார்க்கிறவன் ஞாபகத்துக்கு வந்தான். சாயங்காலம் போய் அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவள் தலையிலிருந்து ஒரு முடி கழன்று, அவர் எழுதிக்கொண்டிருந்த வெள்ளைத் தாளின் மேல் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வேரில் நகத்தளவு வெள்ளை. இந்தத் தடவை அவள் அதன் மேல் கை வைக்கவில்லை.